குணமாகாது என்று தெரிந்த பிறகு சாமியிடம் எதைக் கேட்பது?

காவிரிக்கரை | 6 பிப்ரவரி 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இந்தச் சிறுநீரக நோயாளிகள் குழுவுக்கு வந்து படித்துவிட்டுப் போகிறவள். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 43. கும்பகோணம் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 2022இல் கால் வீங்கியது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். நாள் முழுக்க நின்று பாடம் எடுப்பதால் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் வகுப்பில் மயக்கம் வந்து, பிரஷர் பார்த்தால் 210. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. என்றைக்கோ ஆரம்பித்த பிரஷர், நமக்குத் தெரியாமலே உள்ளே வேலை செய்திருக்கிறது என்றார் டாக்டர். அந்த வருடக் கடைசியிலிருந்து திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், எந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அம்மாவின் சிறுநீரகம் எனக்குச் சேரவில்லை. மாற்று உறுப்புக்கான அரசுப் பட்டியலில் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பைப் பற்றிக் கேட்க வரவில்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவோடு வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போயிருந்தேன். 4448 வியாதிக்கும் அவரே வைத்தியர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கோயில். அங்கே உப்பும் மிளகும் காணிக்கையாகப் போடுவது வழக்கம். அம்மா ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் கொடுத்தாள். உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு வருடமாக நான் நாக்கில் வைக்காத கல்லுப்பு. கண்ணை மூடி வேண்டிக்கொள் என்கிறாள் அம்மா. மூடினேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.

முதல் வருடம் முழுக்க ஒரே வேண்டுதல்தான்: "என்னைக் குணமாக்கு." ஒவ்வொரு மாதமும் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை ஏதோ பரீட்சை முடிவு போல எதிர்பார்ப்பேன். சுருங்கின சிறுநீரகம் திரும்ப வளராது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறவள்தானே நான். ஆனாலும் கேட்டேன். பிறகு ஒரு கட்டத்தில் கேட்பது நின்றுபோனது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அன்றைக்குக் கோயிலில்தான் எனக்கே தெரிந்தது. என்னிடம் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

தீர்த்தம் கொடுத்தார்கள். ஒரு உத்தரணிதான். அதைக்கூட மனசுக்குள் 5 மில்லி என்று கணக்கில் எழுதிக்கொண்டேன். ஒரு நாளைக்கு எனக்கு மொத்தம் 800 மில்லி. காபி, சாம்பார், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள். வெளியே வந்து குளக்கரைப் படியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது கத்தி மாதிரி இறங்கியது.

குணமாகாது என்று தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். நீங்கள் எதைக் கேட்கிறீர்கள்? கேட்கிறீர்களா?

---

மாடித்தோட்டம் | 6 பிப்ரவரி, இரவு 10.55

தங்கச்சி, எனக்கு இது 11வது வருடம். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் படியில் உட்கார்ந்து அழுதீர்களே, அந்த இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் கோயில் வேறு, படி ஒன்றுதான். எழுதியதற்கு நன்றி.

---

மூலிகைவனம் | 7 பிப்ரவரி, காலை 6.20

சகோதரி, மனம் தளர வேண்டாம். என் மாமாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 8 இருந்தது. டயாலிசிஸ் வேண்டவே வேண்டாம் என்று ஒரு வைத்தியரிடம் போனோம். 45 நாளில் 1.2. இன்று வயலில் வேலை செய்கிறார். எந்திரத்தை நிறுத்திவிட்டு முழு நம்பிக்கையோடு மருந்தைச் சாப்பிட வேண்டும், பாதி நம்பிக்கை வேலைக்கு ஆகாது. தொடர்புக்கு: [நடத்துநரால் நீக்கப்பட்டது]

---

ஷிப்ட்_மூன்று | 7 பிப்ரவரி, மதியம் 2.15

14 வருடமாக டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். மேலே எழுதிய ஐயா பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் மாமா பிழைத்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

சிறுநீரகம் திடீரென்று நின்றுபோவது ஒன்று. பாம்புக்கடி, கடுமையான வயிற்றுப்போக்கு, சில வலி மாத்திரைகள் இவற்றால் வருவது. அதில் பலருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் தானாக மீளும். அந்த நேரத்தில் எந்த மருந்து சாப்பிட்டாலும் அதுதான் காப்பாற்றியது என்று தோன்றும். வருடக்கணக்கில் சுருங்கிப்போனது இன்னொன்று. காவிரிக்கரை அக்காவுக்கு இருப்பது அது. அது திரும்பாது.

நம்பிக்கையைச் சோதிக்கிறேன் என்று யாரும் டயாலிசிஸை நிறுத்தாதீர்கள். டயாலிசிஸ் இல்லாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் வலிக்காது, காய்ச்சல் வராது. இதயம் நின்றுவிடும். நம்பிக்கையோடு நிறுத்தியவர்களை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரும்போது கதவைத் திறந்துவிடுகிறவன் நான். அதனால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இளநீர், வாழைப்பழம், பஞ்சாமிர்தம் எல்லாமே பொட்டாசியம்தான். பிரசாதம் வேண்டாமென்று சொல்ல மனசு வராது, புரிகிறது. ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுங்கள். நட்சத்திரப் பழம் மட்டும் ஒரு துண்டுகூடக் கூடாது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் விஷம். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதையும் வாங்காதீர்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருப்பார்கள்.

---

மூலிகைவனம் | 7 பிப்ரவரி, மாலை 7.05

மாமாவுக்கு வயிற்றுப்போக்குக்குப் பிறகுதான் வந்தது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது. சகோதரி, நிறுத்தச் சொன்னதை மன்னியுங்கள். உங்களுக்காக நான் வேண்டிக்கொள்வதை மட்டும் நிறுத்த மாட்டேன்.

---

காவிரிக்கரை | 7 பிப்ரவரி, இரவு 8.30

ஐயா, அந்த வேண்டுதலை ஏற்றுக்கொள்கிறேன். இன்று டயாலிசிஸ் நாள், எழுத முடியவில்லை. படித்துக்கொண்டு இருக்கிறேன்.

---

பிறைநிலா | 10 பிப்ரவரி, காலை 5.50

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரி. ஃபஜ்ர், விடியற்காலைத் தொழுகை, தொழுதுவிட்டு உங்கள் பதிவைப் படித்தேன்.

எனக்கு 58 வயது, காயல்பட்டினம். 9 வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்த வருடம் ரமலான் வந்தது. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு வீட்டில் எல்லோரும் எழுகிறார்கள். பாத்திரச் சத்தம் கேட்கிறது. நான் படுக்கையில் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறேன். பகலில் மருந்துக்காகக் கொஞ்சம் சாப்பிட வேண்டும். மருமகள் தட்டை மூடி எடுத்துவந்து, கதவைச் சாத்திவிட்டுப் போவாள். என் மரியாதைக்காகத்தான் சாத்தினாள். எனக்கோ குற்றவாளியை அடைத்த மாதிரி இருந்தது.

எங்கள் மார்க்க அறிஞர் ஆலிமிடம் போய் அழுதேன். குர்ஆனே நோயாளிக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். நோய் தீர்ந்த பிறகு விட்ட நோன்பைப் பிடிக்கலாம். தீராத நோய் என்றால் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்க வேண்டும், அதுதான் ஃபித்யா. "தெரியும் ஹஜ்ரத், ஆனால் மனசு கேட்கவில்லை" என்றேன். அவர் கேட்டார்: "நோன்பு வை என்றபோது அவன் சொன்னதைக் கேட்டீர்கள். வைக்காதே என்கிறான், இதையும் கேட்க மாட்டீர்களா?"

ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். இத்தனை வருடம் நோன்பு பிடித்ததில் என் பெருமையும் கொஞ்சம் கலந்திருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது.

இப்போது 30 நாளும் ஃபித்யா சாப்பாடு எங்கள் வீட்டிலேயே ஆக்குகிறோம். வெங்காயம் உரிப்பது என் வேலை. பகலில் நான் சாப்பிடும்போது கதவைச் சாத்த வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். சாத்தின கதவு திறந்த அன்றைக்குத்தான் எனக்குள்ளே ஏதோ ஒன்று ஆறியது. சிறுநீரகம் அப்படியேதான் இருக்கிறது.

தாகத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நோன்பாளிக்கு மஃக்ரிப், சூரியன் மறையும் தொழுகை நேரம், வந்தால் தாகம் தீரும். நமக்கு மஃக்ரிப் இல்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

---

வாசல்படி | 10 பிப்ரவரி, இரவு 11.30

நான் நோயாளி இல்லை. என் மனைவிக்கு டயாலிசிஸ், 6 வருடம். இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை.

பிறைநிலா ஐயா சொன்ன மூடின கதவு எங்கள் வீட்டில் வேறு மாதிரி. 6 வருடமாக நான் அவள் எதிரில் தண்ணீர் குடித்ததில்லை. அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் குடிப்பேன். கோடையில் வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். அவளுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் பேசியதில்லை.

நான் சாமியிடம் கேட்பது என்ன தெரியுமா? எனக்கு எரிச்சல் வரக் கூடாது என்று. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவள் துவண்டு போயிருப்பாள், ஒன்றும் பேச மாட்டாள். எனக்குக் கோபம் வரும். யார்மேல் என்று தெரியாத கோபம். அவளைப் பார்த்துக்கொள்கிறவன் என்று ஊரே என்னைப் புகழ்கிறது. எனக்குள் இப்படி ஒருவன் இருக்கிறான்.

---

மாடித்தோட்டம் | 11 பிப்ரவரி, காலை 7.10

தம்பி, நீங்கள்தான் இங்கே முதலில் எழுதியிருக்க வேண்டும். என் மனைவியும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் குடிக்கிறாள் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. 11 வருடம்.

---

நத்தம்_ரோடு | 12 பிப்ரவரி, மதியம் 1.00

நேற்றுத் தைப்பூசம். எனக்கு வயிற்றில் டியூப். வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ், ஒரு நாளைக்கு 4 தடவை 2 லிட்டர் திரவப் பை மாற்ற வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆஸ்பத்திரி அலைச்சல் இல்லை. ஆனால் டியூப் வழியாகக் கிருமி போனால் வயிறு முழுக்கப் பழுத்துவிடும். அதனால் ஆறு, குளம் எதிலும் இறங்கக் கூடாது. சண்முக நதியில் முங்காமல் பழனியா என்று ஒரு காலத்தில் பேசியவன் நான். 17 வருடம் நடந்திருக்கிறேன்.

இந்த வருடமும் நடக்கவில்லை. எங்கள் வீடு பாதயாத்திரைக்காரர்கள் போகிற ரோட்டு மேலேயே இருக்கிறது. முதல் வருடம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன், அரோகரா சத்தம் காதில் விழக் கூடாது என்று. இந்த வருடம் மூன்று நாள் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து மோர் ஊற்றினேன். நடுவில் உள்ளே போய்ப் பை மாற்றிவிட்டு வந்து மறுபடி ஊற்றுவேன். காலில் கொப்புளத்தோடு ஒரு பையன் வந்தான். துணி கட்டிவிட்டேன். போகும்போது என் காலைத் தொட்டுவிட்டுப் போனான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது.

வேண்டுதல் என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை அக்கா. கேட்கத் தோன்றவில்லை.

---

சிவப்புத்துண்டு | 14 பிப்ரவரி, இரவு 10.20

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்ற வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

டீச்சர், அது பாவம் இல்லை. கவனிக்கப்படாத ரத்தக் கொதிப்பு. அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அளந்து பார்க்க ஆள் இல்லாதது உங்கள் குற்றமும் இல்லை. நம் ஊரில் சர்க்கரையும் பிரஷரும் எத்தனை பேரை இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கின்றன! அத்தனை பேரும் போன பிறவியில் சேர்ந்து பாவம் செய்தார்களா?

கேட்பதற்கு எனக்கு யாரும் இல்லை. ஆனால் நன்றி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1943இல் நெதர்லாந்தில் டயாலிசிஸ் எந்திரம் செய்த கோல்ஃப் என்ற டாக்டர். நாடு ஜெர்மன் படையின் பிடியில். கையில் ஒன்றும் இல்லை. தொத்திறைச்சிக்கு உறையாகப் போடும் செலோபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி, அதன் வழியாக நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டார். ஏறக்குறைய முதல் 15 பேரும் இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945இல் 67 வயதான ஒரு பெண்மணி பிழைத்து எழுந்தார். அதற்கப்புறமும் ஒரு சிக்கல். ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக் குழாயை வெட்ட வேண்டும், சில முறைக்கு மேல் குழாய் மிஞ்சாது. அதனால் திடீரென்று வந்து மீள்கிற நோய்க்கு மட்டும்தான் டயாலிசிஸ். நம்மைப் போன்றவர்கள் சாக வேண்டியதுதான். 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்பவர் கையிலேயே நிரந்தரமாக இருக்கும் டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். அதில் முதல் நோயாளி 11 வருடம் உயிரோடு இருந்தார். 1966இல், ஊசி போடுவதற்காகக் கையில் இரண்டு ரத்தக் குழாயை இணைத்துவிடும் ஃபிஸ்டுலா வந்தது. இன்று நம் கையில் இருப்பது அது.

ஊசி இறங்கும்போது அந்த முதல் 15 பேரை நினைத்துக்கொள்வேன். அவர்கள் யாரும் எனக்காகச் சாகவில்லை. ஆனால் அவர்கள் கிடந்த இடத்தின் மேல்தான் நான் படுத்திருக்கிறேன். இதை வணக்கம் என்று சொல்வீர்களோ என்னவோ. எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

---

வன்னிமகள் | 16 பிப்ரவரி, மாலை 4.45

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். நோயாளி அப்பா, 64 வயது, விவசாயி. அவருக்குப் பிரஷரும் இல்லை, சீனியும் இல்லை. எங்கள் பக்கமும் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கமும் 1990களிலிருந்து இந்தச் சிறுநீரக வருத்தம். வயலில் வேலை செய்கிற ஆட்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. கிணற்றுத் தண்ணீர் என்கிறார்கள், விவசாய மருந்து என்கிறார்கள், வெயிலில் உடம்பு வற்றுவது என்கிறார்கள். இதுதான் என்று ஒரு காரணத்தை இன்றுவரை முடிவாகச் சொல்லவில்லை. பெயரே "காரணம் தெரியாத சிறுநீரக நோய்".

சிவப்புத்துண்டு அண்ணா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சருக்குக் காரணம் தெரியும், எனக்கு அதுவும் இல்லை என்றார். பிழை எங்கே என்று தெரியாமல் யாரோடு கோபிக்கிறது? எங்கள் வீட்டுக் கிணற்றை அவர் தன் கையால் வெட்டினவர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது, வீடு இல்லை, கிணறு மட்டும் இருந்தது. "இது கிடக்குது, போதும்" என்று சொன்ன மனுசன். இப்போது அந்தக் கிணற்றின் பக்கம் போக மாட்டார். குடிக்கிறதற்குச் சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்கி வருகிறோம்.

போன கிழமை அம்மன் கோயில் பொங்கலுக்கு எல்லா வீட்டாரும் கான் தண்ணீர் கொண்டுவந்துதான் பானை வைத்தார்கள். அப்பா கண்டபடி அழுதார். அவருக்குத் தன் வருத்தம் பெரிதில்லை, தண்ணீர் கெட்டுப்போச்சுது என்கிறதுதான் துக்கம். இதற்கு என்ன ஆறுதல் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

---

முத்துநகர்_ஸ்டெல்லா | 19 பிப்ரவரி, காலை 10.05

30 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது நானே நோயாளி.

எங்கள் சபையில் நோயில்பூசுதல் என்று ஒரு அருட்சாதனம் உண்டு. பழைய ஆட்கள் அதை அவஸ்தைப்பூசுதல் என்பார்கள், சாகக் கிடப்பவர்களுக்குத்தான் என்று நினைப்பார்கள். நான் கேட்டபோது என் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஃபாதர் உட்கார்ந்து அவளுக்கு விளக்கினார்: கடுமையான நோயில் இருக்கும் யாரும் பெறலாம், மறுபடியும் பெறலாம், மன பலத்துக்காகவும்தான் அது. நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். இரண்டு வருடமாக என் உள்ளங்கையைத் தொட்டவர்கள் எல்லோரும் ஊசியோடுதான் தொட்டார்கள். அன்றைக்கு ஒன்றும் எடுக்காமல் ஒருவர் தொட்டார்.

அப்புறம், ஒரு நர்ஸாக இதைச் சொல்லாமல் போக முடியாது. காவிரிக்கரை, "கேட்பது அதுவாக நின்றது" என்று எழுதியிருக்கிறாய் மகளே. தூக்கம் எப்படி? பிள்ளைகளோடு பேசப் பிடிக்கிறதா? டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மனச்சோர்வு ரொம்ப சகஜம். விசுவாசம் குறைந்ததால் வருவது இல்லை அது, வியாதி. ரத்தசோகை இருந்தாலும், டயாலிசிஸ் போதாமல் இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், அதனால் முதலில் உன் டாக்டரிடம் சொல். மனநல டாக்டரிடம் போனால் டயாலிசிஸில் இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், சில மாத்திரைகளின் அளவை மாற்றித்தான் கொடுப்பார்கள். நடு ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். வாசல்படித் தம்பி, இது உங்களுக்கும்தான்.

---

காவிரிக்கரை | 23 பிப்ரவரி, மாலை 5.30

ஸ்டெல்லா அம்மா, தூக்கம் இல்லை. பிள்ளைகளோடு பேசப் பிடிக்கவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் சொன்னேன். ஹீமோகுளோபின் 7.6, ரத்தசோகைதான். அதற்கான ஊசியின் அளவைக் கூட்டியிருக்கிறார், இரும்புச் சத்தும் ஏற்றுகிறார்கள். மனநல டாக்டரையும் பார்த்தேன். ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். இதையெல்லாம் நான் பக்திக் குறைவு என்று நினைத்துக்கொண்டு இருந்தேனே!

ஒன்று சொல்ல வேண்டும். அன்று கோயிலில் நடந்த இன்னொன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அர்ச்சகர் என் இடது கையில் மஞ்சள் கயிறு கட்ட வந்தார். பெண்களுக்கு இடது கைதான் வழக்கம். என் ஃபிஸ்டுலா இடது கையில். அந்தக் கையில் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது, பிரஷர்கூடப் பார்க்கக் கூடாது, ரத்த ஓட்டம் அடைத்துக்கொள்ளும். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அம்மாவுக்கு அபசகுனமாகப் பட்டது. சாமி கொடுத்ததை மறுத்துவிட்டேன் என்று எனக்கும் உறுத்தியது.

மறுநாள் இரவு வழக்கம்போல ஃபிஸ்டுலாவைக் காதில் வைத்துக் கேட்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தமனியையும் சிரையையும் இணைத்திருப்பதால் ரத்தம் அங்கே வேகமாகப் பாயும். தொட்டால் பூனை உறுமுவது மாதிரி அதிரும். காதில் வைத்தால் தூரத்துக் கடல் மாதிரி இரைச்சல். அது நின்றால் ஆபத்து, அதனால் தினமும் பார்க்கச் சொல்வார்கள். இரண்டு வருடமாக ஒரு வேலையாகத்தான் கேட்டிருக்கிறேன். உங்கள் பதில்களைப் படித்த பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டு படுக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. கை இரைகிறது, நான் கேட்கிறேன். இப்போதைக்கு என் பூஜை இவ்வளவுதான்.

சிவப்புத்துண்டு ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நான் அப்படிச் சொன்னேனா?" என்று கேட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

---

பிறைநிலா | 2 மார்ச், இரவு 8.10

இன்று முதல் நோன்பு. முதல் நாள் ஃபித்யாச் சாப்பாடு போய்விட்டது. வன்னிமகள், உங்கள் வாப்பாவுக்காக இன்று துஆ செய்தேன், அவருடைய கிணற்றுக்காகவும்.

---

காவிரிக்கரை | 14 மார்ச், இரவு 9.15

என் பக்கத்து நாற்காலி அம்மா இறந்துபோனார். இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தோம். புதன்கிழமை போனால் வேறு ஒருவர் அங்கே படுத்திருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. ஷிப்ட்_மூன்று அவர்களே, உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அவர் வீட்டு முகவரிகூட எனக்குத் தெரியாது. பேரனுக்கு மொட்டை போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எனக்கு ஊசி போடும்போது மனசு பதறியது. அப்போது வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் பெயர் தன்னால் வாயில் வந்தது: "தையல்நாயகி, இன்றைக்கு ஒரே குத்தில் இறங்கட்டும்." ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது நான் ஒன்றைக் கேட்டு. இவ்வளவு சின்னதைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இரண்டாவது குத்தில்தான் இறங்கியது. பரவாயில்லை. இன்றைக்கும் கேட்டேன்.

---

ஷிப்ட்_மூன்று | 15 மார்ச், காலை 6.40

எங்கள் இடத்தில் அப்படிக் காலியாகும் நாற்காலியின் விரிப்பை மாற்றுகிறவன் நான்தான் அக்கா. மாற்றும்போது அவர்கள் பெயரை ஒரு தடவை மனசுக்குள் சொல்வேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

---

வாசல்படி | 16 மார்ச், இரவு 10.50

இந்த இழையை மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், என் பதிவையும் சேர்த்து. படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்ததும் எழுந்துபோய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "குழாயைத் திறந்துவிட்டால் தொட்டித் தண்ணீர்தான் வீணாகிறது" என்றாள். அவள் பார்க்கக் குடித்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

---

புதிய_உறுப்பினர்_25 | 18 மார்ச், மாலை 6.30

வணக்கம். எனக்கு 26 வயது. நாளைக்கு முதல் டயாலிசிஸ். கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். முழு இழையையும் படித்தேன். சாமி பற்றியெல்லாம் இப்போது எதுவும் யோசிக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது. நாளைக்கு என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

---

காவிரிக்கரை | 18 மார்ச், மாலை 6.42

தம்பியோ தங்கையோ தெரியவில்லை. சாமியைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

ஒரு போர்வை, கட்டாயம். ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வருவதால் குளிரும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, கழுத்துக் குழாய்க்கு அதுதான் வசதி. காதில் மாட்டிக் கேட்க ஏதாவது. முதல் தடவை முழு 4 மணி நேரம் ஓட்ட மாட்டார்கள், 2 மணி நேரம் போலத்தான் இருக்கும். தலைவலியோ, வாந்தி வருகிற மாதிரியோ, கால் இழுத்துக்கொள்வதோ இருந்தால் உடனே கையைத் தூக்குங்கள், பொறுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். கழுத்துக் கட்டு நனையக் கூடாது, இன்று தலைக்குக் குளிக்காதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், திரும்பும்போது துவண்டு வரும்.

நாளைக்குப் புதன், எனக்கும் முறை. காலை 6 மணிக்கு என் நாற்காலியில் இருப்பேன், 10 மணி வரை. வலது கை சும்மாதான் இருக்கும், போன் கையிலேயே இருக்கும். எத்தனை மணிக்கு உங்களுக்கு?